மாமியின் தண்ணீர் விரதம்

அந்தச் சங்கிலியின் நுனியில் பம்பரம் போல ஒரு மரக் கைப்பிடி தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேர் இழுத்து இழுத்து அதன் வார்னிஷ் முழுக்கப் போய், மரம் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. தலைக்கு மேலே, கூரையை ஒட்டினாற்போல, வெள்ளைக்காரன் காலத்து இரும்புத் தொட்டி. சங்கிலியை இழுத்தால் முதலில் மேலே ஓர் உறுமல் கேட்கும். பிறகு ஈயக் குழாய் அதிர, தண்ணீர் கழிப்பறைக் கொமட்டுக்குள் வந்து விழும். ஒரே இழுவைதான், ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் அறை எடுத்திருந்தவர்கள் எல்லோரும் அதற்கு யானை என்று பெயர் வைத்திருந்தோம். மாமி வெள்ளவத்தைக்கு வந்த முதல் நாள் அதை இழுத்துவிட்டு, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வெளியே பாய்ந்து வந்தார். கூரை இடிந்து விழுகிறது என்று நினைத்தாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

மாமி என் அப்பாவின் அக்கா. யாழ்ப்பாணத்தில் ஒரு கலவன் பாடசாலையில் சுகாதாரம் படிப்பித்தவர். கணவர் இளவயதிலேயே போய்விட்டார், ஒரே மகன். எனக்கு மச்சான் முறையான அந்தப் பையன் என்னைவிடச் சில வயது இளையவன். வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கியிருந்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் அவன் இருந்த ஒழுங்கைத் தெருவின் இளைஞர்கள் எல்லோரையும் பொலிசும் ஆமியும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பலரை இரண்டு நாளில் விட்டார்கள், இவனை விடவில்லை. ஏன் விடவில்லை என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மாமி பாடசாலையில் லீவு போட்டு, வவுனியாவில் ஆமி தரும் பிரயாண பாஸுக்காகக் காத்துக் கிடந்து, ஒரு சூட்கேசும் பனங்கட்டி நிரப்பிய ஓர் ஓலைக் குட்டானுமாக என் அறைக் கதவடியில் வந்து நின்றார். நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் எனக்கு ஓர் அறை இருந்தது. இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறை.

வீட்டுக்காரியை நாங்கள் எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். அவரும் யாழ்ப்பாணத்துப் பூர்வீகம்தான், ஆனால் கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். முன்பக்கத்தில் அவர் தனியாக இருந்தார், அவருக்கென்று ஒரு குளியலறை. பின்கட்டில் நான்கு அறைகள், அதில் நாங்கள் ஒன்பது பத்துப் பேர். பெண்கள் என்று மாமியும் நானும்தான், மற்றவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கும் பொடியன்கள். இத்தனை பேருக்கும் ஒரேயொரு கழிப்பறை. அது அன்ரியின் சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே, நடையின் முடிவில் இருந்தது. யார் உள்ளே போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எத்தனை தடவை இழுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மேசையில் இருந்தால் கண்ணுக்கும் காதுக்கும் தப்பாது. அன்ரி காலை முழுக்க அந்த மேசையில்தான் மரக்கறி வெட்டுவார்.

அன்ரியைக் கெட்டவர் என்று எழுத என் பேனா இடம் கொடுக்காது. அன்றைய கொழும்பில் வடக்கிலிருந்து வந்த ஒருவர் தங்குவதென்றால் வீட்டுக்காரர் பொலிசில் போய்ப் பதிய வேண்டும். இவர் இன்னார், என் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். மகன் மறியலில், கம்பிக்குள் இருக்கிற ஒரு தாயை அப்படிப் பொறுப்பெடுக்க வெள்ளவத்தையில் எத்தனை வீட்டுக்காரர் முன்வந்திருப்பார்கள்? அன்ரி எடுத்தார். மாமியை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து, பிள்ளை வெளியில் வரும்வரைக்கும் இங்கேயே இருங்கள் டீச்சர் என்று சொன்னார். அந்தச் சொல்லில்தான் மாமியின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. அன்ரி பதிவை எடுத்துவிட்டால் மாமிக்குக் கொழும்பில் நிற்க இடமில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். திரும்பினால் புதன்கிழமை இல்லை. புதன்கிழமைதான் மறியலில் மகனைப் பார்க்க விடும் நாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன், நடுவில் நாலைந்து குடும்பங்களின் கூச்சல். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் மாமி மிச்ச ஆறு நாளும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் தண்ணீருக்குப் பெரிய கஷ்டம். குழாயில் தண்ணீர் சீராக வருவதில்லை. கீழே ஒரு தொட்டியில் சேர்த்து, மோட்டார் போட்டுக் கூரைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மின்சாரம் இல்லாத நாளில் மோட்டார் இல்லை. பத்துப் பேர் குளித்து, முகம் கழுவி, யானையையும் பத்துத் தடவை இழுத்தால் காலை எட்டு மணிக்கே கூரைத் தொட்டி காலி. அன்ரி முதலில் யானையின் வயிற்றைக் குறைக்கப் பார்த்தார். சோடாப் போத்தல்களில் மண் நிரப்பி மூடி, ஒரு பொடியனை ஏணியில் ஏற்றி, தொட்டிக்குள் இறக்கி வைத்தார். போத்தல் அடைத்துக்கொண்ட இடத்துக்குத் தண்ணீர் மிச்சம் என்பது கணக்கு. கணக்குச் சரிதான். ஆனால் போத்தல் ஒன்று சரிந்து உள்ளே இருந்த நெம்புகோலில் முட்டிக்கொள்ள, தண்ணீர் நிற்காமல் ஒழுகி, ஒரே பகலில் கூரைத் தொட்டி முழுக்க வெறுமையாகிவிட்டது. அன்றைக்குத்தான் அன்ரி யானையை விரட்டுவதென்று முடிவெடுத்தார்.

புதிய தொட்டி பிளாஸ்டிக்கில் வந்தது. மோர் நிறம், இடுப்பளவு உயரத்தில் சுவரில் பூட்டுவது, சங்கிலிக்குப் பதில் பக்கத்தில் ஒரு பிடி. பழையதில் பாதித் தண்ணீர்கூடப் பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னாராம். பூட்ட வந்த சிங்கள மேசன் பாஸ் கொமட்டையும் மாற்றட்டுமா என்று கேட்டார். அன்ரி அந்தக் கொமட்டைப் பார்த்தார். நீலப் பூ வேலைப்பாடு போட்ட இங்கிலாந்துப் பீங்கான், எங்கும் ஒரு கீறல் இல்லை. நல்ல கொமட்டை உடைக்க எனக்கென்ன விசரா என்று கேட்டார். அவர் நிலையில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். பாஸ் தோளைக் குலுக்கிவிட்டுத் தொட்டியை மட்டும் பூட்டினார். யானை கழற்றப்பட்டுப் பின்முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது.

பொடியன்கள் புதிய தொட்டிக்கு இரண்டு நாளில் பெயர் வைத்தார்கள், ஆட்டுக்குட்டி. பிடியை அழுத்தினால் சளசளவென்று கொஞ்சம் தண்ணீர் வந்து கொமட்டை நனைக்கும், சுற்றிப் பார்க்கும், போய்விடும். அடித்துப்போக வேண்டியது அப்படியே மிதந்துகொண்டு நிற்கும். தொட்டி திரும்ப நிரம்பும்வரை உள்ளேயே காத்திருந்து இன்னொரு தடவை அழுத்த வேண்டும், பிறகு இன்னொரு தடவை. வெளியே வரிசை. யானை ஒரு வாயில் குடித்ததை ஆட்டுக்குட்டி மூன்று நாலு வாயில் குடித்தது, அவ்வளவுதான் மிச்சம். பொடியன்கள் கெட்டிக்காரர்கள். உள்ளே இருந்த குழாயில் வாளியைப் பிடித்து, உயரத் தூக்கி ஒரே ஊற்றாக ஊற்றினார்கள். அது நன்றாக வேலை செய்தது. ஆனால் வாளி நிறைகிற சத்தம் அன்ரிக்குக் கேட்டது. ஒரு வாரத்தில் வாளி அன்ரியின் சமையலறைக்குப் போய்விட்டது. கழுவுவதற்கு பால்மா வந்த ஒரு தகரப் பேணி மட்டும் மிஞ்சியது. அதோடு சட்டமும் வந்தது. ஓர் ஆள் ஒரு தடவைதான் அழுத்தலாம். சிறிய விஷயத்துக்கு அழுத்தவே தேவையில்லை, பேணியால் ஊற்றினால் போதும். தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காக வாங்கிய சாமான் தண்ணீர் தின்கிறது என்பதை ஒத்துக்கொள்வதைவிட, நாங்கள்தான் தின்கிறோம் என்று நம்புவது அன்ரிக்குச் சுலபமாக இருந்தது.

ஒரு தடவை அழுத்திவிட்டு வெளியே வருபவர் உள்ளே எதை விட்டுவிட்டு வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இளவட்டங்கள் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் வெளியே வரும்போது மற்றவன் பொட்டலம் விட்டுட்டுப் போறாய் மச்சான் என்பான். மாமிக்கு அது பகிடி இல்லை. எல்லோரும் கந்தோருக்கும் ஏஜென்சிக்காரனிடமும் போகும்வரை காத்திருந்து, கடைசி ஆளாகத்தான் போவார். அப்படிக் காத்திருந்த ஒரு நாள், நான் காய்ச்சலோடு அறையில் படுத்திருந்தேன். மாமி போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்த சிறிது நேரத்தில் நடையில் அன்ரியின் குரல் கேட்டது.

"ஆர் கடைசியாப் போனது? மனிசர் புழங்கிற இடமோ இது?"

அன்ரி திரும்பவும் கேட்டார். எங்களுக்கு அடுத்த அறையில் அன்று இரண்டு பொடியன்கள் நின்றார்கள். அதில் ஒருவன் மாமியிடம் சுகாதாரம் படித்தவன். அவன் வெளியே வந்து, அது நான்தான் அன்ரி, மறந்துபோனேன் என்றான். நல்ல பிள்ளை. ஆனால் மாமி அதற்குள் எழும்பி நடைக்குப் போய்விட்டிருந்தார். "அவன் இல்லை, நான்தான்" என்று மாணவன் முன்னாலேயே சொல்லி, பேணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பேணி பேணியாக ஊற்றுகிற சத்தம் அறைக்குள் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காய்ச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. எழும்பி அன்ரியிடம் போகத்தான் பார்த்தேன். திரும்பி வந்த மாமி கதவைச் சாத்தி, என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

அன்று மாலை அன்ரி தானாகவே அறைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பது போல ஆரம்பித்தார். டீச்சர் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாராம். பிறகு அப்படியே பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பின்கட்டில் இத்தனை பேர் ஏன் என்று பொலிசில் கேட்கிறார்கள், ஆள் கூடினால் தண்ணீரும் காணாது பேரும் கெடும், இரண்டொரு பேரைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார். யாரை என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. மாமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி விரதம் என்றார். சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை, பின்னேரம் விளக்கு வைத்த பிறகு ஒரு வாய் பாலும் பழமும். மகன் வெளியே வரும்வரைக்கும் என்று நேர்த்திக்கடனாம். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? மறியல் வாசலில் நிற்கிற தாய்மாரில் நேர்த்தி வைக்காத ஒருவரைக் காட்டுங்கள். பிறகு செவ்வாய் வந்தது. செவ்வாய் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு. சைவம், கிறிஸ்தவம் என்று அந்தக் காலத்தில் யாரும் பார்க்கவில்லை, காரியம் ஆனால் சரி. பிறகு சனி சனீஸ்வரனுக்கு, திங்கள் சிவனுக்கு, வியாழன் குருவுக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குச் சூரிய பகவான் கிடைத்தார். பார்த்துக்கொண்டிருக்கையில் வாரத்தில் புதன் ஒன்றுக்குத்தான் தெய்வம் இல்லாமல் போனது. நான்கூட, உங்கள் தெய்வங்கள் எல்லாம் டியூட்டி முறை வைத்து வருகிறார்களா மாமி என்று பகிடி விட்டேன்.

வீட்டில் விரதத்துக்கு நல்ல மரியாதை. அன்ரி உருகிப்போனார். அவரும் ஒரு காலத்தில் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருந்தவர். மாமியைத் தன் சாமியறையில் இருந்து தேவாரம் படிக்கச் சொன்னார். டீச்சரைப் பாருங்கள், வீட்டில் இருக்கிறதே தெரியவில்லை, எவ்வளவு அமைதி என்று பொடியன்களுக்குப் புத்தி சொன்னார். ஆளைக் குறைக்கிற பேச்சு அப்படியே அடங்கியது. வாயைக் கட்டியவர் கழிப்பறைக்கும் அதிகம் போகவில்லை. காலையில் எல்லோரும் எழும்ப முதல் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, அவ்வளவுதான். பக்தி என்று அன்ரி நினைத்தார். முதல் சில வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமைகளில் மாமி மறியலில் மகனைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து என் கந்தோருக்கு வருவார். சேர்ந்து வீட்டுக்குப் போவோம். எங்கள் கந்தோர் புதிய கட்டடம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. வெள்ளை வெளேரென்ற கொமட், பின்னால் ஒட்டியபடி சிறிய தொட்டி. அழுத்தினால் சத்தமே கேட்காது, ஆனால் கொமட் பளிச்சென்று ஆகிவிடும். மாமி வந்ததும் முதலில் அங்கேதான் போவார். பிறகு என் மேசைக்கு வந்து தண்ணீர் கேட்பார். ஒரு கிளாஸ், இன்னொரு கிளாஸ், இன்னும் ஒன்று. ஒரு மணித்தியாலம் இருந்து, திரும்பவும் கழிப்பறைக்குப் போய் வருவார். ஒருநாள் நான்காவது கிளாஸைக் கொடுக்கும்போது அவர் உதட்டைப் பார்த்தேன். பிளந்து, தோல் உரிந்து, பனங்கிழங்குத் தும்பு போலக் கிடந்தது. விரதம் இருக்கிறவர்களை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். விரதத்தை முடிக்கிறவர் தண்ணீரை இப்படிக் குடிக்க மாட்டார்.

கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு கிளாஸை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"குடிச்சாத்தானே பிள்ளை போகவேணும். குடியாட்டில் பிரச்சினை இல்லை. நான் பள்ளிக்கூடத்திலை சொல்லிக் குடுத்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நீ ஒண்டும் சொல்லாதை."

நான் சொல்லாமல் இருக்கவில்லை. என்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தேன். கொமட்டையும் மாற்றினால் நல்லது, எங்கள் கந்தோரில் பாருங்கள் என்று அன்ரியிடம் பக்குவமாகச் சொன்னேன். கந்தோருக்கும் வீட்டுக்கும் பொருந்துமா என்றார். வேறு அறை தேடி அலைந்தேன். வெள்ளவத்தையில் ஒழுங்கை ஒழுங்கையாக, பிறகு கொட்டாஞ்சேனை, மட்டக்குளி வரைக்கும். எல்லா இடத்திலும் முதலில் முகம் மலர்வார்கள். மகன் எங்கே என்று கேட்டதும் கதவு மெல்லச் சாய்ந்துவிடும். மட்டக்குளியில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் ஒளிக்காமல் சொன்னார், தங்கச்சி, எனக்கும் வளர்ந்த பொடியன் இருக்கிறான் என்று. அவரை என்ன சொல்வது? இப்படியே புதன்கிழமைத் தண்ணீரில் மாமி ஒவ்வொரு வாரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கோட்டைப் பக்கத்தில் ஒரு குண்டு வெடித்தது. எங்கள் கட்டடத்துக்கு ஒன்றுமில்லை, கண்ணாடிகள் மட்டும் நொறுங்கின. ஆனால் அடுத்த நாளிலிருந்து வேலை செய்பவர்களைத் தவிர யாரும் வாசலைத் தாண்ட முடியாது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் வாசலில் நிற்கவே முடியாது. வேலை செய்கிற எனக்கே தினமும் பை திறந்து காட்டித்தான் உள்ளே வழி. மாமி நேரே வீட்டுக்குப் போகத் தொடங்கினார். மறியல் வாசலில் வெயிலில் அரை நாள் நின்றுவிட்டு, அப்படியே. அந்த வாரம் புதன்கிழமைக்கும் ஒரு தெய்வம் கிடைத்தது. பெருமாள் என்றார் மாமி. நான் பகிடி விடவில்லை.

ஒரு புதன்கிழமை லீவு எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மச்சான் மெலிந்து போயிருந்தான். தாயைப் பார்த்ததும் ஏனம்மா வாய் இப்படிக் காய்ந்து கிடக்கிறது என்று கேட்டான். "உனக்காகத் தண்ணி விரதமடா, நீ வெளியிலை வருமட்டும்" என்று மாமி சத்தமாகச் சொன்னார். அவன் வலையில் நெற்றியை வைத்து அழுதான். பக்கத்தில் நின்ற ஒரு தாய் மாமியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் சிறுநீர் போகையில் எரியும் சலக்கடுப்பு வந்தது. பிறகு காய்ச்சல், குளிர், முதுகில் தாங்க முடியாத வலி. மருந்து வாங்கிக் கொடுத்தேன். மருந்தோடு தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. குடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் அறையிலேயே சட்டி வைத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். என்னைக் குழந்தை ஆக்காதே என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நடையில் நடக்க முடியாமல் விழுந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விட்டார். அதற்குள் இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டிருந்தன. வார்ட்டில் ஒரு சிங்கள டொக்டர், நல்ல மனிதர், இவ்வளவு காலம் தண்ணீர் குடிக்காமல் என்ன செய்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். மாமி கட்டிலில் படுத்தபடியே "உபவாச" என்றார். அவருக்குத் தெரிந்த ஒன்றிரண்டு சிங்களச் சொற்களில் அது ஒன்று. அன்ரி விபூதியும் தீர்த்தமும் கொண்டுவந்து பூசி, கட்டில் காலடியில் நின்று உண்மையாகவே அழுதார்.

கடைசியாக என்னோடு தெளிவாகக் கதைத்த நாள் மாமி மகனைப் பற்றித்தான் கதைத்தார்.

"அவனுக்கு விரதம் எண்டே இருக்கட்டும், பிள்ளை. கக்கூசுக்குப் பயந்து செத்தன் எண்டு என்ரை பிள்ளை நினைக்கக் கூடாது."

சொல்ல மாட்டேன் என்று சொல் கொடுத்தேன்.

மகனை இறுதிக் கிரியைக்கு விடவில்லை. கனத்தை மயானத்தில் கொள்ளி வைத்தவன் நடையில் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த மாணவன்.

அதன்பிறகு ஐந்தாறு மாதத்தில் மச்சானை விட்டுவிட்டார்கள். குற்றம் ஒன்றுமில்லை, போகலாம் என்றார்களாம். அம்மாவின் விரதம்தான் என்னை வெளியில் எடுத்தது என்று அவன் நம்பினான். நம்பாமல் வேறு எதை நம்புவது? பிடித்ததற்கும் காரணம் சொல்லவில்லை, விட்டதற்கும் காரணம் சொல்லவில்லை. தெய்வத்தைத் தவிர இதில் யாரைக் காரணமாகச் சொல்ல முடியும்? அவன் கனடா போய், வேலை பிடித்து, கலியாணம் கட்டி, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பனும் ஆனான். புதன்கிழமை தோறும் தாயின் நினைவாகச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விரதம் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. மாமிக்குக் கொடுத்த சொல்.

யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து, வெள்ளவத்தையிலேயே எனக்கென்று ஒரு சின்ன பிளாட் வாங்கினேன். குளியலறைச் சாமான் எடுக்கப் போன கடையில் விற்பனைக்காரப் பையன் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினான். சின்னதுக்கு ஒரு பொத்தான், பெரியதுக்கு ஒரு பொத்தான். பெரியதுக்கே பழைய தொட்டியில் பாதித் தண்ணீர்தான், ஆனாலும் ஒரே தடவையில் போய்விடும் என்றான். அப்போது என் வாயில் அந்தக் கேள்வி தானாக வந்தது. பழைய கொமட்டில் புதிய சின்னத் தொட்டியைப் பூட்டினால்? அவன் சிரித்தான். பழைய கொமட்டின் வளைவும் வழியும் நிறையத் தண்ணீர் உயரத்திலிருந்து விழுவதற்கென்று செய்தது, புதியது கொஞ்சத் தண்ணீர் சுழன்று இழுப்பதற்கென்று செய்தது, இரண்டையும் கலந்தால் ஒருநாளும் வேலை செய்யாது, சோடியாகத்தான் மாற்ற வேண்டும் மிஸ் என்றான். கடைக்குள் ஏசி குளிர்ந்தது. நான் ஒரு கொமட்டின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். இவ்வளவுதானா? ஒரு பீங்கானை உடைத்து எடுத்திருந்தால் போதுமா? அன்ரி காலமாகி எத்தனையோ வருடம். யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது?

போன வருடம் மச்சானின் மனைவி எனக்கு ஃபோன் எடுத்தாள். அவனுக்குச் சிறுநீரகத்தில் கல். ஒரு தடவை எடுத்தாயிற்று, திரும்பவும் வருகிறது. தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று டொக்டர் எச்சரித்திருக்கிறார். புதன்கிழமை விரதத்தை மட்டும் விடவே மாட்டேன் என்கிறான். அம்மா உயிரைக் கொடுத்துப் பிடித்த விரதம், நான் ஒருநாள் பிடிக்கக் கூடாதா என்கிறானாம். நீங்கள் சொன்னால் கேட்பார் அக்கா என்றாள். ஏதோ வேலையாகக் கொழும்புக்கு வரப்போகிறான், எப்படியாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

வந்தான். தலை நரைத்து, அசப்பில் மாமி மாதிரியே இருந்தான். புதன்கிழமையாகத்தான் வந்தான். தேத்தண்ணி வேண்டாம் என்றான், தண்ணீரும் வேண்டாம் என்றான். மாமிக்குக் கொடுத்த சொல்லை எத்தனையோ வருடம் காப்பாற்றியிருந்தேன். இனிமேல் காப்பாற்றினால் மாமியின் பிள்ளையும் அதே வழியில் போய்விடுவான் என்று எனக்குத் தோன்றியது. செத்தவருக்குக் கொடுத்த சொல்லா, உயிரோடு இருக்கிறவனா? எல்லாவற்றையும் சொன்னேன். புதிய தொட்டியை, பழைய கொமட்டை, வாளியை அன்ரி எடுத்துக்கொண்டு போனதை, மாணவன் முன்னால் மாமி நின்றதை, என் கந்தோர்க் கழிப்பறையை. அது விரதமே இல்லை மச்சான், உன் அம்மா எந்தத் தெய்வத்துக்கும் தண்ணீரை விடவில்லை, நீ இப்படி உடம்பைக் கெடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை என்று சொன்னேன்.

கடைசியில் ஒன்றுதான் கேட்டான்.

"அந்த வீட்டை விட்டா அம்மாவுக்கு என்னை வந்து பாக்க ஏலாமல் போயிருக்கும், அப்படித்தானே மச்சாள்?"

ஓம் என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் எழும்பி, போய்வருகிறேன் என்று சொல்லி, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். மேசையில் நான் ஊற்றி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. ஆனால் யோசிப்பான், போகப்போக விட்டுவிடுவான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மூன்று கிழமை கழித்து அவன் மனைவி ஃபோன் எடுத்தாள்.

"என்னக்கா சொன்னனீங்கள் அவருக்கு? இப்ப சனிக்கிழமையும் தண்ணி குடிக்கிறாரில்லை."